உம்மாவின் களிமண் பலகைகளை ஏலம் விடுவோருக்கும் வாங்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

தொல்பொருள் ஏல நிறுவனத்தாருக்கும், இணையத்தில் ஆப்பு வடிவப் பண்டை எழுத்து பதித்த பலகை விற்போருக்கும், அவற்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கும் சேகரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விற்பனைப் பட்டியல்களில் ஒரே மாதிரியான வரி திரும்பத் திரும்ப வருகிறது: சுமேரிய நிர்வாகப் பலகை, உர் மூன்றாம் வம்சம், உம்மா, பழைய ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு. இதில் காலம், அதாவது ஏறத்தாழ 4000 ஆண்டுக்கு முன் என்பது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நகரத்தின் பெயரும் சரியாக இருக்கக்கூடும். கடைசித் துண்டைத்தான் நம்ப முடியவில்லை. அதற்கான தாளைக் காட்டுங்கள். காட்ட முடியாத பலகையை ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் கேட்பது இதுதான். ஏன் கேட்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

உம்மா என்பது தெற்கு ஈராக்கின் தி கார் மாகாணத்தில் தெல் ஜோகா என்று இன்று அழைக்கப்படும் மேடு. கி.மு. மூன்றாம் ஆயிரத்தின் நடுவில் இந்த நகரமும் பக்கத்து லகாஷும் கு-எதின்னா என்ற விளைநிலத்துக்காகவும் அதன் வாய்க்கால் நீருக்காகவும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. கிஷ் மன்னன் மெசிலிம் நடுவராக வந்து எல்லைக்கல் நட்டதும் நிலைக்கவில்லை. லகாஷின் எயன்னாதும் வென்றபோது நிறுத்திய கழுகுக் கல்லின் துண்டுகள் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எயன்னாதுமின் தம்பி மகன் என்மெதெனா இந்தத் தகராறின் வரலாற்றை ஒரு களிமண் கூம்பில் எழுதிவைத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: இவையெல்லாம் லகாஷ் தரப்பின் வாக்குமூலங்கள். உம்மா எப்போதும் வாய்க்காலை உடைத்த, எல்லை தாண்டிய, வாங்கிய வாற்கோதுமைக் கடனைத் திருப்பித் தராத ஊராகவே அவற்றில் வருகிறது. லகாஷின் கிர்சுவில் 1877 முதல் அகழாய்வு நடந்தது. உம்மாவில் அது 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடக்கவில்லை. அதனால்தான் இந்த ஒருதலைப்பட்சம். உம்மா தரப்பு வாதம் எங்காவது இருக்குமென்றால் அந்த மேட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

பின்னர் உம்மாவின் லுகல்சகேசி லகாஷைச் சூறையாடி, உருக் நகரையும் பிடித்து, தெற்கு முழுவதையும் ஆண்டான். கடைசியில் அக்காத் மன்னன் சர்கோன் அவன் கழுத்தில் கட்டை மாட்டி, புனித நகரான நிப்பூரின் வாயில்வரை இழுத்துவந்தான். அதற்கும் இரண்டரை நூற்றாண்டு கழித்து, உர் மூன்றாம் வம்சத்தில், உம்மா ஒரு மாகாணத் தலைநகர். உங்கள் பட்டியல்களில் வருபவை பெரும்பாலும் இந்தக் காலத்தின் கணக்குச் சீட்டுகள்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். உள்ளங்கையில் பாதி அளவுதான் இருக்கும். ஒவ்வொரு தூதருக்கும் ஒரு வரிசை: 5 சிலா பீர், 3 சிலா ரொட்டி, 5 கின் வெங்காயம், 3 கின் எண்ணெய், 2 கின் காரச்செடி, பிறகு பெயர். சிலா என்பது ஏறத்தாழ 1 லிட்டர். 5 கின் வெங்காயம் 40 கிராமுக்குச் சற்று மேல். எண்ணெய் மேலுக்கு, காரச்செடி கழுவிக்கொள்ள. அடுத்த தூதருக்கும் இதே பட்டியல், அளவில் மட்டும் சிறு வேறுபாடு. கடைசியில் கூட்டுத்தொகை, மாதம், ஆண்டு. படிப்பவருக்கு அலுப்புத் தட்டும், உண்மைதான். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான சீட்டுகளைச் சேர்த்தால் ஓர் அரசு தன் ஆட்களுக்கு எப்படிப் படியளந்தது என்பது தெரிகிறது. பண்ணையில் வேலை செய்த ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30 சிலா என்பதையெல்லாம் இப்படித்தான் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உம்மாவுக்கென்று இன்று ஏறத்தாழ 30,000 பலகைகள் பதிவாகியிருக்கின்றன. முறையான அகழாய்வில் வெளிவந்தவை அவற்றில் மிகச் சிறு பகுதி. அகழாய்வே இல்லாமல் இது உம்மாப் பலகை என்று எப்படிச் சொல்கிறார்கள்? நாள்காட்டியை வைத்துத்தான். அக்காலத்தில் மாகாணத்துக்கு மாகாணம் மாதப் பெயர்கள் வேறு. ஷு-நுமுன் என்ற மாதம் நிப்பூரில் நான்காவது, உம்மாவில் ஆறாவது. லிசி தெய்வத்தின் பெயரில் ஒன்பதாம் மாதம், துமுசியின் பெயரில் பன்னிரண்டாம் மாதம் என்று வரிசை போகும். ஆண்டுக்கு எண் கிடையாது, நிகழ்ச்சிதான் பெயர். 'ஷு-சின் உம்மாவில் ஷாரா கோயிலைக் கட்டிய ஆண்டு' என்றிருந்தால் அது உர் மன்னன் ஷு-சினின் ஒன்பதாம் ஆண்டு. ஷாரா உம்மாவின் காவல் தெய்வம். அதிகாரிகளின் பெயரும் உருளை முத்திரையும் மிச்சத்தை உறுதி செய்துவிடும்.

ஆகவே உங்கள் பட்டியலில் உம்மா என்று போட்டிருப்பது பலகையைப் படித்து ஊகித்தது. தோண்டிய ஆள் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. பலகை எழுதப்பட்ட ஊரை அது சொல்லும். எந்த அறையில், எந்தத் தளத்தின்மேல், எவற்றோடு கிடந்தது என்பதைச் சொல்லாது. நாங்கள் இழந்தது இதைத்தான்.

இழப்பின் அளவு தெரிய முத்திரைகளையே எடுத்துக்கொள்ளலாம். லூ-கலா என்ற எழுத்தரின் முத்திரை அவர் ஊர்-ஏஏயின் மகன் என்கிறது. ஊர்-ஏஏ மாகாணத்தின் கால்நடைத் தலைமை அதிகாரி. அவர், ஊர்-நிகரின் மகன். ஒருவர் பின் ஒருவராக உம்மாவின் ஆளுநர்களான ஊர்-லிசி, அயகலா, ததகா மூவரும் அதே ஊர்-நிகரின் மக்கள். ஒரே குடும்பம் மாகாணத்தையே கையில் வைத்திருந்தது என்று சந்தைப் பலகைகளிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தை இல்லாவிட்டால் இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் சீட்டுகள் ஆளுநர் அலுவலகத்தில் இருந்தனவா, லூ-கலாவின் வீட்டில் இருந்தனவா? அரசுக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே கூடையில் கிடந்தனவா? இந்த அரசில் தனியார் சொத்து எவ்வளவு என்பதே இத்துறையின் பழைய சச்சரவு. அதைத் தீர்க்கக்கூடிய சான்று, பலகை கிடந்த இடம். 30,000 பலகைகளைக் கையில் வைத்துக்கொண்டும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

கூடை என்றது சும்மா சொன்னதில்லை. சுமேரிய எழுத்தர்கள் சீட்டுகளைக் கூடையில் போட்டு, கூடையின் கயிற்றில் ஒரு சிறு களிமண் வில்லையைக் கோத்துவிடுவார்கள். ஓரத்தில் கயிறு நுழைந்த இரண்டு துளைகள் இருக்கும். பலகைக் கூடை, இன்னாரின் கணக்குகள், இன்ன ஆண்டு, உள்ளே இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கும். கூடை மக்கிப்போனாலும், வில்லையும் அதன் கீழ்ச் சரிந்த பலகைகளும் ஒரே இடத்தில்தான் கிடக்கும். அகழாய்வாளர் அதை அப்படியே படமெடுத்து வரைந்துவிட்டால், 4000 ஆண்டுக்கு முந்தைய ஒரு கோப்பு முழுதாகக் கிடைக்கும். சிரியாவின் எப்லாவில் 1975இல் அப்படித்தான் நடந்தது. தீயில் எரிந்து விழுந்த மரத் தட்டுகளின் மேல் பலகைகள் அடுக்கியிருந்த வரிசையையே விழுந்து கிடந்த நிலையிலிருந்து மீட்டார்கள். உம்மாவின் வில்லைகளோ 'அரிய துளையிட்ட சுமேரியச் சீட்டு' என்று தனி எண்ணில் ஏலத்துக்கு வருகின்றன. கீழே கிடந்தவை வேறு எண்களில், வேறு நாடுகளில்.

மேட்டில் நடப்பது இது. சுடாத செங்கல் சுவரும் அதன்மேல் சரிந்த மண்ணும் ஒரே வண்டல். மேல்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈரம் காயும்போது தெரியும் நிற வேறுபாட்டில் செங்கலின் இணைப்புக் கோடுகளைப் பார்த்துத்தான் சுவரைப் பிரித்தறிய வேண்டும். பயிற்சி பெற்றவர்களுக்கே இது கண்ணைக் கட்டும் வேலை. கொள்ளையர் செங்குத்தாகச் சில மீட்டர் குழி வெட்டி, பலகை தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போகிறார்கள். சுவர், தளம், அடுப்பு, எலும்பு, உடைந்த பானை ஓடு எல்லாம் மண்ணோடு மண்ணாக வெளியே வந்து விழுகின்றன. உடைந்த பலகைக்கு விலை இல்லை என்பதால் அதுவும் அந்தக் குவியலில்தான். நூறு வரிப் பெருங்கணக்கு ஒன்று மண்வெட்டியில் நான்காகப் பிளந்தால், விற்பனைக்கு வருவது முகம் நன்றாக இருக்கும் ஒரு துண்டு மட்டும்.

இது நேற்றுத் தொடங்கியதில்லை. 1911 வாக்கிலிருந்தே உம்மாப் பலகைகள் பாக்தாத் வணிகர்களிடம் குவியத் தொடங்கிவிட்டன. அப்போதும் சட்டம் இருந்தது: 1884ஆம் ஆண்டின் உதுமானியச் சட்டப்படி மண்ணுக்குள் இருப்பது அரசுடைமை, ஏற்றுமதிக்குத் தடை. அதாப் என்ற இன்னொரு சுமேரிய நகரில் அகழாய்வு செய்த அமெரிக்கர் எட்கர் ஜேம்ஸ் பேங்க்ஸ் பின்னர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் தேவாலயங்களுக்கும் நூலகங்களுக்கும் சில டாலர் விலைக்கு ஆயிரக்கணக்கான பலகைகளை விற்றார். ஒவ்வொன்றோடும் தட்டச்சு செய்த ஒரு குறிப்பையும் அனுப்புவது அவர் வழக்கம். இன்று பேங்க்ஸின் பெயர் உங்களுக்கு எவ்வளவு வசதியான பெயர் என்பது எங்களுக்குத் தெரியும். குறிப்பு இல்லாத பேங்க்ஸ் பலகைகள் ஏராளமாக வருகின்றன.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் மேடுகளில் காவல் தளர்ந்தது. கொள்ளையைத் தடுக்கவே ஈராக்கியத் தொல்லியலாளர்கள் 1990களின் இறுதியில் உம்மாவில் இறங்கி, 2002 வரை ஷாரா கோயில் உள்ளிட்ட பகுதிகளைத் திறந்தார்கள். 2003 படையெடுப்போடு அது நின்றது. காவலர் போனதும் கொள்ளையர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். செயற்கைக்கோள் படங்களில் உம்மா மேடு குழிக்குக் குழி இடைவெளியில்லாமல் தெரிகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு தெற்கு ஈராக் முழுவதும் இப்படி 15 சதுர கிலோமீட்டருக்கு மேல் தோண்டப்பட்டதாக அளந்திருக்கிறது. அதே ஆண்டுகளில் இரிசக்ரிக் என்ற நகரத்தின் பலகைகள் திடீரெனச் சந்தையில் கொட்டின. அதன் மேடு எது என்பது தோண்டியவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்யுமாறு உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது. அதனால்தான் 'பழைய சேகரிப்பு' என்ற சொற்றொடருக்கு இத்தனை கிராக்கி. 1990க்கு முன் வெளியே வந்துவிட்டது என்று காட்டினால் போதும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் ஈராக்கின் 1936ஆம் ஆண்டுச் சட்டமும் தொல்பொருளை அரசுடைமை என்றே சொல்கிறது. எனவே 1985இல் வந்தது என்று நிரூபித்தாலும், ஏற்றுமதி அனுமதி எங்கே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 1990 என்பது நாங்கள் கேட்கும் குறைந்தபட்ச எல்லை. அதைத் தாண்டிவிட்டால் சுத்தம் என்று பொருள் இல்லை.

அமெரிக்கக் கைவினைப் பொருள் கடை நிறுவனமான ஹாபி லாபியின் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் அந்த நிறுவனம் 16 லட்சம் டாலருக்கு ஏறத்தாழ 5,500 பொருள்களை வாங்கியது. பொதிகளில் 'ஓடு, மாதிரி' என்று எழுதி, வேறு நாட்டுச் சரக்கு என்று காட்டி அனுப்பினார்கள். 2017இல் பொருள்களையும் 30 லட்சம் டாலரையும் ஒப்படைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். 2018இல் திரும்பிப் போனவற்றில் இரிசக்ரிக் பலகைகளும் இருந்தன. அதே நிறுவனம் 2014இல் வாங்கிய, கில்கமேஷ் காவியத்தின் கனவுப் பகுதி எழுதிய பலகையின் கதை இன்னும் பாடம் தரும். 1981 ஏலம் ஒன்றில் வெண்கலத் துணுக்குகள் கிடந்த பெட்டியோடு வாங்கியது என்று அதற்கு ஒரு கடிதம் தயாரானது. கடிதம் பொய். 2021இல் பலகை ஈராக்குக்குப் போனது.

பொய்க் கடிதம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய ஆஸ்திரேலியத் தேசியக் காட்சியகத்திடமும் இதே மாதிரித் தாள்கள்தான் இருந்தன. 2014இல் அவர் திரும்பி வந்தார் என்றால், கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்ததால். பாக்தாத் அருங்காட்சியகத்தில் 2003இல் களவுபோனவற்றுக்கும் பதிவெண் உண்டு. தெல் ஜோகா மண்ணுக்குள் இருந்த பலகைக்கு யார் படம் எடுத்து வைத்திருப்பார்கள்? அதனால் நிரூபிக்கும் பொறுப்பு விற்பவர் தலையில்தான் விழ வேண்டும். ஈராக் நிரூபிக்கட்டும் என்று சொல்வது, நிரூபிக்க முடியாது என்று தெரிந்தே சொல்வது.

எது தாள், எது தாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பலகையின் நீள அகலத்தையும், முடிந்தால் முதல் வரியின் படியையும் கொண்ட தேதியிட்ட விலைச்சீட்டு தாள்தான். பழைய நூலிலோ ஆய்விதழிலோ அச்சான கைப்படி தாள்தான். அளவுகோலோடு எடுத்த பழைய புகைப்படம், ஏற்றுமதி அனுமதி, அருங்காட்சியகக் கடன் பதிவு எல்லாம் செல்லும். 'தாத்தா பெய்ரூட்டில் வாங்கியதாக ஞாபகம்' என்று போன வருடம் எழுதி வாங்கிய கடிதம் செல்லாது. 'சுமேரியப் பலகைகள், 12' என்று மட்டும் சொல்லும் 1970களின் சீட்டும் செல்லாது. அந்த 12 எவை என்று யாருக்குத் தெரியும்? இன்னும் ஒன்று: ஆய்வறிஞர் ஒருவர் படித்துத் தந்த மொழிபெயர்ப்பு உண்மைத்தன்மைக்குச் சான்றாகலாம், உரிமைக்கு ஆகாது. அந்த மொழிபெயர்ப்பு விலையை ஏற்றுகிறது என்பது தெரிந்தும் எழுதித் தரும் அறிஞர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

விற்பனைக்கு முன் நீங்கள் செய்யும் 'சுத்தம்' பற்றியும் பேச வேண்டும். உம்மாப் பலகைகளில் பெரும்பாலானவை சுடாதவை, வெயிலில் காய்ந்தவை. நிலத்தடி நீர் கொண்டுவந்த சமையல் உப்பும் ஜிப்சமும் அவற்றுக்குள் ஊறியிருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு கரையும். குறையும்போது மேற்பரப்பில் படிகமாகி எழுத்தைத் தோலோடு உரித்துத் தள்ளும். இதைப் பார்த்துப் பயந்து தண்ணீரில் கழுவினால் மிஞ்சுவது சேறு. வேறு சிலர் அவசரமாக அடுப்பில் வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் 100 டிகிரியில் நீராவியாகி வெளியேற வழியின்றிப் பலகையைப் பிளக்கும். 800 டிகிரியை நெருங்கினால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து சுட்ட சுண்ணாம்பாகும். அது சில வாரம் கழித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பொரிப்பொரியாக உதிரும். அருங்காட்சியகங்கள் சுட்டபோது பல நாள் எடுத்து மெல்ல வெப்பமேற்றி, பின் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்தன. அவர்களிலும் பலர் இப்போது சுடுவதைத் தவிர்க்கிறார்கள். வீட்டு அடுப்பில் நடப்பது அழிவு, வேறொன்றுமில்லை.

உறை இன்னொரு கொடுமை. சில சீட்டுகளைக் களிமண் உறையிலிட்டு, உறைமேல் உருளை முத்திரையை உருட்டியிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உறையை உடைப்பது வணிகர்களின் நெடுநாள் பழக்கம். முத்திரை போய்விட்டால் பொறுப்பேற்ற ஆள் போய்விட்டார். எக்ஸ்ரே ஊடுகதிர் வருடி மூலம் உறையை உடைக்காமலே உள்ளே படிக்க முடிகிற காலத்திலும் இது நடக்கிறது.

இதற்குள் போலிகளும் உண்டு. அச்சில் வார்த்ததில் பக்க விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு ஓடும். நாணல் அழுத்திய ஆப்பின் தலை கூர்மையாக இறங்கியிருக்கும். வார்ப்பில் அது மழுங்கியிருக்கும். பலகையைப் புத்தகத் தாள்போல் பக்கவாட்டில் புரட்டினால் உண்மையானதில் பின்புற எழுத்து தலைகீழாக இருக்கும், ஏனென்றால் எழுத்தர் அடிவிளிம்பைப் பிடித்துக் கீழிருந்து மேலாகப் புரட்டினார். இதைக்கூடத் தவறாகப் படம்பிடித்துப் போட்ட பட்டியல்கள் இருக்கின்றன. விற்பவருக்கே மேல் கீழ் தெரியாத பொருளின் நூறாண்டு வரலாறு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: பதற வேண்டாம், எறியவும் வேண்டாம், இன்னொருவருக்கு விற்றுக் கைகழுவவும் வேண்டாம். ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கும் இடத்தில், அமிலமில்லாத நுரைப் பஞ்சில் படுக்க வையுங்கள். கடலோர ஊர்களில் குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அறைதான் மிக மோசமான இடம். உப்பு பூத்திருந்தால் தொடாதீர்கள். முன், பின், நான்கு விளிம்புகள் என ஆறு படங்கள் எடுங்கள். வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதையும் மின்னஞ்சல்களையும் சேர்த்து வையுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரோடு பேசி, உங்கள் நாட்டிலுள்ள ஈராக்கியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். ஒரே ஆளிடம் பல வாங்கியிருந்தால் பிரிக்காமல் ஒன்றாகவே ஒப்படையுங்கள். ஒரே குழியிலிருந்து வந்தவையாக அவை இருக்கலாம். வில்லை ஒன்றும் அதன் கூடைச் சீட்டுகளும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்.

ஏல நிறுவனத்தாருக்கு: அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பலகைக்கும் மேற்சொன்ன தாளின் படத்தை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஆறு முகப் படங்களையும் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே பொதுவில் வையுங்கள், ஈராக்கியத் தொல்லியல் துறை பார்க்க நேரமிருக்கட்டும். தாள் இல்லாதவற்றை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருந்துவிடாதீர்கள். அனுப்பியவர் யார் என்பதை உங்கள் நாட்டுக் காவல்துறையின் கலைப்பொருள் பிரிவுக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அதே பலகை மூன்று மாதம் கழித்து இன்னொரு பட்டியலில், இன்னும் கொஞ்சம் மெருகேறிய குடும்பக் கதையோடு வரும்.

இப்படிக்கு,
உம்மாக் கணக்குகளைப் படித்துவரும் சிலர்